புலவார்டியே வீட்டில்: 1:1:1 ஆ, 3:2:2 ஆ? விஸ்கி எங்கே காணாமல் போகிறது?

அரைஅவுன்ஸ் (இழையைத் தொடங்கியவர்)

விஸ்கி, கம்பாரி (கசப்பும் இனிப்புமான இத்தாலியச் சிவப்பு மதுபானம்), சிவப்பு வெர்மூத் (மூலிகை போட்ட இனிப்பு ஒயின்) மூன்றும் சேர்ந்த காக்டெய்ல்தான் புலவார்டியே; தலைப்பில் உள்ள விகிதமும் இதே வரிசைதான். அதைப் பற்றி அங்கங்கே துண்டு துண்டாகப் பேசியாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைக்கலாம் என்று இந்த இழை.

ஜின், கம்பாரி, வெர்மூத் சம அளவு சேர்ந்த நீக்ரோனியில் ஜின்னுக்குப் பதில் விஸ்கி ஊற்றினால் புலவார்டியே என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சொதப்பல் தொடங்குவதே அங்கேதான். ஜின்னின் ஜூனிபர் வாசனை கம்பாரியைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியின் வனிலாவும் கேரமலும் அப்படி வராது. கம்பாரியிலும் வெர்மூத்திலும் ஏற்கெனவே இருக்கிற சர்க்கரையோடு சேர்ந்து அமுங்கிப்போகும். அதனால்தான் நீக்ரோனிக்குப் பொருந்துகிற சம அளவு இதற்குப் பொருந்துவதில்லை.

நான் அடிப்படையாக வைத்துக்கொள்வது:

விஸ்கி 45 மி.லி.
கம்பாரி 30 மி.லி.
சிவப்பு வெர்மூத் 30 மி.லி.

மிக்ஸிங் கிளாஸில் ஐஸ் நிறையப் போட்டு 25 முதல் 30 வினாடி கிளற வேண்டும். வடிகட்டி, பெரிய ஐஸ்கட்டி ஒன்று போட்ட கிளாஸில் ஊற்றி, மேலே ஆரஞ்சுத் தோலைப் பிழிய வேண்டும். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் பட்டியலிலும் இதே அளவுதான். போர்பன் அல்லது ரை (இதுவும் ஒரு விஸ்கி வகை), இரண்டில் எதுவும் சரி என்று விட்டிருக்கிறார்கள். என் ஓட்டு ரைக்குத்தான். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அளவு சொல்பவர்கள் விஸ்கியின் ஆல்கஹால் சதவீதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "45 மி.லி. விஸ்கி" என்பது 40 சதவீதத்தில் ஒரு பானம், 50 சதவீதத்தில் வேறொரு பானம்.

புதுக்கிளாஸ்

இரண்டு கேள்வி. முதல் ரெசிப்பியே 1:1:1 தானே, அப்புறம் ஏன் மாத்தணும்? அடுத்து, எப்படிப் போட்டாலும் இருமல் மருந்து மாதிரி வருது. போர்பன் 40 சதவீதம், மற்ற ரெண்டும் நீங்க சொன்ன அதே அளவு. கசப்பா, இனிப்பா, எது தூக்கல்னே பிடிபடலை.

வெர்மூத்வாசி

முதல் கேள்விக்கு: ஆமாம், சம அளவுதான். பாரிஸில் ஹாரி மெக்எல்ஹோன் 1927இல் வெளியிட்ட புத்தகத்தில் கம்பாரி, இத்தாலிய வெர்மூத், போர்பன் மூன்றும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. எர்ஸ்கின் க்வின் என்ற அமெரிக்கரின் பானமாக அதில் வருகிறது. அவர் பாரிஸில் நடத்திய பத்திரிகையின் பெயர்தான் பானத்துக்கும். அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு. அந்த நாட்டு விஸ்கி பாரிஸ் பாரில் கிடைத்த காலம் அது.

வரலாறு அவ்வளவுதான். ஆனால் 1927இல் எழுதியதற்காக இன்றைய நாக்கு அதை ஏற்க வேண்டும் என்று இல்லை. சம அளவில் கம்பாரியும் வெர்மூத்தும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு. இரண்டுமே இனிப்பு, இரண்டுமே கசப்பு. விஸ்கி விருந்தாளி மாதிரி ஓரமாக நிற்கும்.

இரண்டாவது கேள்விக்கு நான் கேட்கிற முதல் கேள்வி: உங்கள் வெர்மூத் பாட்டில் எங்கே இருக்கிறது, எப்போது திறந்தது? அலமாரியில் மூன்று மாதமாக நிற்கிறது என்றால் அளவை மாற்றிப் பயனில்லை. வெர்மூத் என்பது ஒயின். கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து 15, 16, 18 சதவீதத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், மூலிகை போட்டிருக்கிறார்கள், ஆனாலும் ஒயின்தான். திறந்ததும் காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் தொடங்கிவிடும். முதலில் போவது மேலே நிற்கும் மூலிகை வாசனை. அடுத்து பழச்சுவை. கடைசிவரை போகாமல் தங்குவது சர்க்கரை. இருமல் மருந்து மாதிரி வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்: வாசனை செத்து, இனிப்பு மட்டும் மிஞ்சிய வெர்மூத்.

சோதனை எளிது. ஒரு தேக்கரண்டி வெர்மூத்தைத் தனியாகக் குடித்துப் பாருங்கள். நல்லதாக இருந்தால் அதுவே தனியாகக் குடிக்கத் தோன்றும். உலர்ந்த திராட்சை ஊறிய தண்ணீர் மாதிரி, பழைய ஆப்பிள் வெட்டிவைத்த மாதிரி இருந்தால் சமையலுக்குக் கொடுத்துவிடுங்கள்.

திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். ஒரு மாதம் நன்றாக இருக்கும், இரண்டு மாதம் பரவாயில்லை. குறைவாகப் புழங்குகிறவர்கள் 375 மி.லி. பாட்டில் வாங்குங்கள். பெரிய பாட்டில்தான் கிடைக்கிறது என்றால், திறந்த அன்றே பாதியைச் சுத்தமான சின்ன பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி மூடிவைத்துவிடுங்கள். உள்ளே காற்றுக்கு இடம் இல்லையென்றால் கெடுவது அவ்வளவு மெதுவாகும்.

நீள்கரண்டி

வெர்மூத்வாசி சொன்னது சரி, ஆனா புதுக்கிளாஸோட பிரச்சினையில பாதி விஸ்கியில இருக்கு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

40 சதவீத விஸ்கி 45 மி.லி. = 18 மி.லி. சுத்த ஆல்கஹால். கம்பாரி 24 சதவீதம்னு வெச்சா 30 மி.லி.ல 7.2. (நாட்டுக்கு நாடு இது மாறும், லேபிளைப் பாருங்க.) வெர்மூத் 16 சதவீதம், 4.8. மொத்தம் 30. கலவை 105 மி.லி. ஆக, ஐஸ் படுறதுக்கு முன்னாடியே 28.6 சதவீதம்தான். கிளறும்போது 25 மி.லி. தண்ணி இறங்கினா கிளாஸுக்கு வர்றப்ப 23.

இதே அளவுல 50 சதவீத ரை ஊத்துங்க. 22.5 + 7.2 + 4.8 = 34.5. கிளறும் முன் 33 சதவீதம், கிளறின பின் 26க்கு மேல. இந்த மூணு சதவீத வித்தியாசம் தாள்ல சின்னது, வாயில பெருசு. ஆல்கஹால்தான் விஸ்கியோட வாசனையத் தூக்கிக் கொடுக்குது, சர்க்கரையோட பிசுபிசுப்பையும் அதுதான் அறுக்குது.

அதனால 40 சதவீத போர்பன் மட்டும்தான் கையில இருக்குன்னா அளவை 60 : 25 : 25ன்னு கொண்டுபோங்க. 45 சதவீதம்னா 45 : 25 : 25 போதும். 50ன்னா 45 : 30 : 30 அப்படியே நிக்கும். சம அளவுதான் வேணும்னு பிடிவாதம் பிடிக்கிறவங்களுக்கும் வழி இருக்கு. 50க்கு மேல ஒரு ரை எடுத்தா 30 : 30 : 30 கூட தாங்கும். தாங்கும்னுதான் சொல்றேன், சிறப்புன்னு சொல்லலை.

அரைஅவுன்ஸ்

இதனால்தான் ரை என்றேன். போர்பனில் குறைந்தது 51 சதவீதம் சோளம். அமெரிக்க ரையில் குறைந்தது 51 சதவீதம் ரை தானியம். சோளம் இனிப்பையும் உருண்டைத்தன்மையையும் கொடுக்கும். ரை மிளகு, கிராம்பு மாதிரி ஒரு காரம். இனிப்பான இரண்டு பாட்டில்களுக்கு நடுவே மூன்றாவதும் இனிப்பாக இருந்தால் யார் எதிர்த்துப் பேசுவது?

ரிட்டன்ஹவுஸ் ரை 50 சதவீதம். போர்பன் பக்கம் போனால் வைல்ட் டர்க்கி 101, அதாவது 50.5. போர்பனிலேயே ரை தானியம் அதிகம் உள்ள வகை என்றால் இன்னும் நல்லது. கோதுமை சேர்த்த மென்மையான போர்பன் இந்த வேலைக்கு வேண்டாம். தனியாகக் குடிக்க அருமையான சரக்கைக் கம்பாரியில் மூழ்கடிப்பது வீண்.

சுளைத்தோல்

புகையடித்த ஸ்காட்ச் போட்டால் என்ன என்று அடுத்து யாராவது கேட்பீர்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். முழு அளவும் புகை விஸ்கியாக வேண்டாம். புகையும் கம்பாரியின் கசப்பும் சேர்ந்தால் மருந்துக்கடைக் கதவைத் திறந்த மாதிரி இருக்கும். 40 மி.லி. ரை, 5 மி.லி. புகை ஸ்காட்ச்: அதுவே தாராளம்.

ஐஸ்மேசை

எல்லாரும் பாட்டிலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான்காவது பொருளைக் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீர்.

105 மி.லி. கலவைக்கு 25 மி.லி. தண்ணீர் என்றால் கிளாஸில் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு. அது 15ஆ, 25ஆ, 40ஆ என்று தெரியாமல் கம்பாரியை 2 மி.லி. கூட்டவா குறைக்கவா என்று வாதம் நடக்கிறது.

வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் ஒரே ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள். காலி கிளாஸைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். மூன்றையும் ஊற்றுங்கள். விஸ்கி தண்ணீரைவிட லேசு, 45 மி.லி. சுமார் 42 கிராம்தான் காட்டும். கம்பாரி சர்க்கரையால் கனம், 30 மி.லி. 31, 32 கிராம் வரும். வெர்மூத் 31. ஆக மொத்தம் 105 கிராம் பக்கம் நிற்கும். இதை ஐஸ் போட்ட மிக்ஸிங் கிளாஸுக்கு மாற்றி, வழக்கம்போல் கிளறி, அதே காலி கிளாஸில் வடித்து மறுபடி எடை பாருங்கள். 128 முதல் 132 வரை என்றால் சரியான கிளறல். 118 என்றால் போதாது; கசப்பு முகத்தில் அறையும், ஆல்கஹால் மூக்கில் ஏறும். 145 என்றால் ரொம்பவே கரைந்துவிட்டது. ஐஸில் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று கிராம் போகும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

உங்கள் ஐஸுக்கும் உங்கள் கைக்கும் எத்தனை வினாடி என்று இந்த ஒரு சோதனை சொல்லிவிடும். அதற்குப் பிறகு தராசு வேண்டாம். ஃப்ரிட்ஜ் தட்டில் வரும் சின்ன கட்டி என்றால் 15 முதல் 20 வினாடியிலேயே 130ஐத் தொட்டுவிடும். பெரிய கட்டியை உடைத்துப் போட்டால் 30, 35 வினாடி ஆகும்.

ஐஸ் ஈரமாக இருக்கக்கூடாது. பக்கெட்டில் எடுத்துவைத்துப் பத்து நிமிடம் ஆகி மேலே பளபளவென்று நீர் பூத்த ஐஸைப் போட்டால், அந்த நீர் குளிர்ச்சி எதையும் தராமல் நேராகப் பானத்தில் சேரும். உருகும் ஐஸ்தான் குளிரூட்டுகிறது, ஏற்கெனவே உருகிய நீர் இல்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு போடுங்கள். கிளாஸில் திரவ மட்டத்துக்கு மேலேயும் ஐஸ் தெரிய வேண்டும். "கொஞ்சம் ஐஸ் போட்டால் கொஞ்சமாகக் கரையும்" என்பது தலைகீழ்க் கணக்கு. கொஞ்சம் ஐஸ் போட்டால் குளிரவே நேரம் எடுக்கும், அதற்குள் போட்டதெல்லாம் கரைந்திருக்கும்.

புதுக்கிளாஸ்

ஷேக் பண்ணா சீக்கிரம் குளிருமே? எதுக்கு அரை நிமிஷம் கிளறிக்கிட்டு நிக்கணும்?

ஐஸ்மேசை

குளிரும். கூடவே காற்றுக் குமிழியும் ஐஸ் தூளும் சேரும். எலுமிச்சைச் சாறு, முட்டை வெள்ளை உள்ள பானத்துக்கு அது தேவை. இங்கே எல்லாமே தெளிந்த திரவம். குலுக்கினால் நுரை கட்டி, மாணிக்கச் சிவப்பு போய் செங்கல் நிறமாகக் கலங்கும். நாக்கில் பட்டுப்போல் இறங்க வேண்டியது தண்ணியாக இறங்கும்.

இன்னொன்று. கிளறியும் லேசாகக் கலங்கல் தெரிந்தால் பயப்படாதீர்கள். குளிர்வடிகட்டல் செய்யாத விஸ்கியில், குளிரும் நீரும் பட்டதும் கொழுப்பு அமிலங்களின் எஸ்டர்கள் மங்கலாகத் திரளும். கெட்டுப்போனது இல்லை.

சுளைத்தோல்

கிளறுவதற்கு ஒரு வார்த்தை. கரண்டியின் முதுகு கண்ணாடிச் சுவரோடு ஒட்டியபடி சுற்ற வேண்டும். ஐஸ் மொத்தமும் ஒரே பம்பரமாகச் சுழலணும், கடகடவென்று சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் ஐஸ் உடைகிறது என்று அர்த்தம். உடைந்த துண்டு வேகமாக உருகும். நீள்கரண்டி இல்லாதவர்கள் சாப்ஸ்டிக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், வேலை நடக்கும்.

நீள்கரண்டி

மிக்ஸிங் கிளாஸ் எல்லாம் எதுக்கு? குடிக்கிற கிளாஸ்லயே பெரிய ஐஸ் ஒண்ணு போட்டு மூணையும் ஊத்தி அங்கேயே கிளறிடலாம். கழுவுற வேலை மிச்சம்.

ஐஸ்மேசை

செய்யலாம், ஆனால் பெரும்பாலானோர் அதில் ஐந்து சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஊற்றும்போது கிளாஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். கம்பாரி சர்க்கரைக் கனத்தால் நூல் நூலாக அடியில் இறங்கிச் சிவப்பாகப் படுத்துக்கொள்ளும். விஸ்கி லேசாக இருப்பதால் மேலே மிதக்கும். இடையில் எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கிற இடம்போல் ஒரு அலையலையான கோடு தெரியும். அந்தக் கோடு மறையும்வரை கலக்கவில்லையென்றால் முதல் மடக்கு பச்சை விஸ்கி, கடைசி மடக்கு கம்பாரிப் பாகு. "மேலே நல்லாயிருந்தது, அடியில் கசந்தது" என்று வருகிற புகாரில் பெரும்பாலும் இதுதான் விஷயம், ரெசிப்பி இல்லை.

ஒற்றைப் பெரிய கட்டிக்குப் பரப்பளவும் குறைவு. அதில் கிளறினால் 105 கிராம் 130 ஆக ஒன்றரை நிமிடம்கூட ஆகலாம். பொறுமை இருக்கிறதா?

நீள்கரண்டி

சரி, கோடு விஷயம் ஒத்துக்கிறேன். அப்படியே கிளாஸ்ல செய்யணும்னா ஒரு வழி: 10 மி.லி. குளிர்ந்த தண்ணியை முதல்லயே ஊத்திட்டு 40 வினாடி கிளறுங்க. மீதி தண்ணி குடிக்கக் குடிக்க இறங்கும். சாவகாசமா குடிக்கிறவங்களுக்கு இதுதான் என் சிபாரிசு.

வெர்மூத்வாசி

இப்போது வெர்மூத் தேர்வு. பேசாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கார்பானோ ஆன்டிகா ஃபார்முலா: வனிலா தூக்கல். போர்பனோடு போட்டால் வனிலாவுக்கு மேல் வனிலா, இனிப்பு விருந்தாகிவிடும். 50 சதவீத ரையோடு மட்டும் போடுங்கள், அப்போதும் 25 மி.லி. போதும்.

கோக்கி வெர்மூத் டி டோரினோ: கோகோ, ஆரஞ்சு, நல்ல முதுகெலும்பு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். எந்த விஸ்கியோடும் சண்டை போடாது.

டோலின் ரூஜ்: லேசு. கம்பாரி இதை விழுங்கிவிடும். கம்பாரியை 20க்குக் குறைத்தால்தான் இதன் குரல் கேட்கும்.

புன்ட் எ மெஸ்: பியெட்மான்ட் பேச்சில் "ஒன்றரைப் புள்ளி" என்று பொருள். ஒரு புள்ளி இனிப்பு, அரைப் புள்ளி கசப்பு. இது தானே கசப்பு என்பதால், இதைப் போடும்போது கம்பாரியை 20 முதல் 22க்கு இறக்குங்கள். கசப்புப் பிரியர்கள் இறக்காமலே குடிக்கலாம், அது அவர்கள் தலையெழுத்து.

வெள்ளை உலர் வெர்மூத்தை ரையோடும் கம்பாரியோடும் போட்டால் அதற்குப் பெயர் ஓல்ட் பால். வேறு பானம். இனிப்பு பிடிக்காதவர்கள் புலவார்டியேயைச் சித்திரவதை செய்வதைவிட நேராக அங்கே போய்விடலாம்.

புதுக்கிளாஸ்

வெர்மூத் மாத்தினேன். புது பாட்டில், ஃப்ரிட்ஜ். விஸ்கி 60, மத்தது 25, 25. தராசும் வெச்சேன். 110 கிராம் 134 ஆச்சு. இருமல் மருந்து போயிடுச்சு. இப்ப கசப்பு மட்டும் கடைசியில நாக்குல ஒட்டிக்கிட்டு நிக்குது. கொஞ்சம் சர்க்கரைப் பாகு சேர்க்கலாமா?

அரைஅவுன்ஸ்

வேண்டாம். கம்பாரியிலும் வெர்மூத்திலும் இருக்கிற சர்க்கரையே அதிகம். இன்னும் ஊற்றினால் கசப்பு குறையாது, இனிப்பும் கசப்பும் இரண்டும் உச்சத்தில் நின்று கத்தும். விட்டு வந்த இருமல் மருந்துக்கே திரும்பிப் போவீர்கள்.

உப்பு போடுங்கள். சிரிக்காதீர்கள். 20 கிராம் உப்பை 80 கிராம் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டுப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளாஸுக்கு 2 சொட்டு, அதிகபட்சம் 3. சோடியம் நாக்கில் கசப்பை அமுக்கும். அமுங்கியதும் பின்னால் நின்ற ஆரஞ்சும் விஸ்கியும் தானாக முன்னால் வரும். உப்பு ருசி தெரிந்தால் நீங்கள் அதிகம் போட்டுவிட்டீர்கள்.

வெர்மூத்வாசி

உப்பில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கசப்பு இந்தப் பானத்தின் குறை அல்ல, அதுதான் பானமே. கடைசியில் நிற்கிற அந்தக் கசப்புதான் அடுத்த மடக்குக்கு இழுக்கிறது. ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் கம்பாரியை 20 ஆக்கிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும், 5 மி.லி. மட்டும் மாற்றுங்கள். 2 மி.லி. மாற்றம் வீட்டு ஜிக்கரின் (அளவுக் கிண்ணத்தின்) கைப்பிசகிலேயே அடிபட்டுப்போகும்.

சுளைத்தோல்

ஜிக்கர் என்றதும் ஒன்று. சிலவற்றில் 30 கோடு விளிம்பில் இருக்கும், சிலவற்றில் விளிம்புக்குக் கீழே. அகலமான ஜிக்கரில் மேற்பரப்பு வளைந்து நிற்பதாலேயே 2, 3 மி.லி. கூடும். ஒரு தடவை தண்ணீர் ஊற்றித் தராசில் பாருங்கள்: 30 மி.லி. தண்ணீர் 30 கிராம். ஜிக்கர் இல்லாதவர்களுக்கு அளவுக் கரண்டி: மேசைக்கரண்டி 15, தேக்கரண்டி 5. அதிலேயே 3:2:2 அழகாக வரும். மூன்று மேசைக்கரண்டி விஸ்கி, இரண்டு கம்பாரி, இரண்டு வெர்மூத்.

கசப்பு ஒட்டுவதற்கு இன்னொரு சந்தேகம்: தோல் எப்படிச் சீவுகிறீர்கள்?

புதுக்கிளாஸ்

கத்தியால. கொஞ்சம் தடிமனா. கிளாஸுக்குள்ள போட்டுடுவேன்.

சுளைத்தோல்

பிடிபட்டது. தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சு கசப்பு. அது ஆல்கஹாலில் ஊற ஊற அந்தக் கசப்பும் இறங்கும். கம்பாரியின் கசப்பு வேறு, அதில் ஒரு வாசனை உண்டு. பஞ்சின் கசப்பு வெறும் துவர்ப்பு, தொண்டையில் பிடிக்கும்.

செய்முறை இது. பழத்தை வெந்நீரில் கழுவித் துணியால் துடைத்துவிடுங்கள், மெழுகு பூசியிருக்கலாம். Y வடிவத் தோல்சீவியால் மேலிருந்து கீழாக ஒரு விரல் அகலம், கட்டைவிரல் நீளம். திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியணும்; வெள்ளையாகத் தெரிந்தால் கத்தியைப் படுக்க வைத்துச் சுரண்டுங்கள். தோலின் ஆரஞ்சுப் பக்கம் பானத்தைப் பார்க்க, கிளாஸுக்கு ஒரு சாண் உயரத்துக்குள் பிடித்து, இரண்டு ஓரங்களையும் விரலால் மடக்கி அழுத்துங்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் எண்ணெய் தூவானமாகப் பறப்பது தெரியும். பானத்தின் மேல் சின்னச் சின்ன எண்ணெய் வட்டங்கள் மிதக்கும். அதே தோலைக் கிளாஸ் விளிம்பில் ஒரு சுற்று தேய்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள். அழகுக்கு உள்ளே வேண்டும் என்றால் பஞ்சு இல்லாததை மட்டும் போடுங்கள்.

நெருப்புக் காட்டி எரிப்பவர்கள் உண்டு. தோல் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன், பொறி பறக்கும். பார்க்க நன்றாக இருக்கும். ருசி கொஞ்சம் கருகும். லைட்டர் பெட்ரோல் வாசனை வருகிறது என்றால் தீக்குச்சிக்கு மாறுங்கள், முனை மருந்து எரிந்து முடிந்த பிறகு.

எலுமிச்சைத் தோலும் தப்பில்லை. போர்பன் போட்டு இனிப்பு தூக்கலாகத் தெரிந்தால் ஆரஞ்சைவிட எலுமிச்சைதான் வெட்டிக் கொடுக்கும்.

நீள்கரண்டி

கம்பாரி இல்லாதவங்களுக்கு மாற்று சொல்லிடறேன். அபெரோல் 11 சதவீதம்தான். அதே அளவு ஊத்தினா பானம் தண்ணியாவும் இனிப்பாவும் போகும். போட்டே ஆகணும்னா 50 சதவீத ரையோட மட்டும், கூடவே அங்கோஸ்டூரா பிட்டர்ஸ் (சொட்டுச் சொட்டா விடற கசப்புச் சாறு) 2 தட்டு. லுக்சார்டோ பிட்டர் 25 சதவீதம், அப்படியே மாத்தி ஊத்தலாம். கிரான் கிளாசிகோ சிவப்பு இல்லை, பானம் பழுப்பா வரும். ஆனா ரையோட நல்லாப் போகும். சைனார் 16.5 சதவீதம், மண்வாசனை. பாதி கம்பாரி, பாதி சைனார்னு 15, 15 போட்டுப் பாருங்க, கம்பாரியோட கூர் மழுங்கி ஒரு ஆழம் வரும்.

அடிப்படை அளவுக்கு மேல சாக்லேட் பிட்டர்ஸ் 2 தட்டு போட்டா அது லெஃப்ட் ஹேண்ட்ங்கற பானத்துக்குப் பக்கத்துல போயிடும். அதுல போர்பன் 45, மத்தது ரெண்டும் 22. வெர்மூத் ரொம்ப லேசா இருக்கறப்ப இந்த பிட்டர்ஸ் நல்ல முட்டுக்கொடுக்கும்.

அரைஅவுன்ஸ்

நாலைந்து பேருக்கு முன்கூட்டியே கலந்து வைப்பதையும் எழுதிவிடுகிறேன், எப்படியும் கேட்பார்கள்.

ஆறு கிளாஸுக்கு: 45 சதவீத விஸ்கி 270 மி.லி., கம்பாரி 180, வெர்மூத் 180. மொத்தம் 630. ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றுங்கள். ஐஸ் இல்லாமல் கூப் கிளாஸில் (காம்பு வைத்த அகலவாய்க் கிளாஸ்) கொடுப்பதாக இருந்தால் நல்ல குடிநீர் 150 மி.லி. சேர்க்க வேண்டும். பெரிய ஐஸ்கட்டி மேல் ஊற்றுவதாக இருந்தால் 90 போதும், மீதியை ஐஸ் கொடுக்கும். தண்ணீர் சேர்க்காமல் ஃப்ரிட்ஜில் வைத்து அப்படியே ஊற்றுகிறவர்கள்தான் "பாட்டிலில் கலந்தால் கடுக்கிறது" என்கிறார்கள்.

ஐஸ்மேசை

அந்த பாட்டிலை ஃப்ரீசரில் இரவு முழுக்க விடாதீர்கள். 150 மி.லி. தண்ணீர் சேர்த்த கலவை 25 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18. அந்தக் குளிரில் இது பனிக்கூழாகிவிடும். விளிம்பு வரை நிரப்பிய பாட்டில் என்றால் விரிசல் விடும் அபாயமும் உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். கிளாஸையும் கூடவே வையுங்கள். ஐஸோடு கிளறிய பானம் பூஜ்ஜியத்துக்குக் கீழே மூன்று நான்கு டிகிரி போயிருக்கும், ஃப்ரிட்ஜ் மட்டும் என்றால் 4 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகாது. அந்த ஏழெட்டு டிகிரியில் இனிப்பு துருத்திக்கொண்டு தெரியும்.

ஆரஞ்சுத் தோலைப் பாட்டிலுக்குள் போட்டு ஊறவைக்க வேண்டாம். மேலே சுளைத்தோல் சொன்ன அதே காரணம்.

புதுக்கிளாஸ்

கலந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

வெர்மூத்வாசி

தனி வெர்மூத்தைவிட அதிக நாள், ஏனென்றால் ஆல்கஹால் கூடுதல். ஆனாலும் பாட்டிலில் பாதி காலியாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீரைக் கொடுக்கிற அன்று சேர்த்தால் இன்னும் நல்லது.

சுளைத்தோல்

யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 50 சதவீத ரை போட்ட ஒரு கிளாஸில் நீள்கரண்டி கணக்குப்படி 34.5 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் 27 கிராம். அமெரிக்கக் கணக்கில் ஒரு "டிரிங்க்" 14 கிராம். அதாவது கையில் இருப்பது ஒன்று போலத் தெரியும், உள்ளே போவது இரண்டு. இனிப்பும் குளிரும் அதை மறைத்துவிடும். விருந்தில் கலந்து கொடுக்கிறவர்கள் ஆளுக்கு 130 மி.லி. ஊற்றாமல் 80, 90 ஊற்றுங்கள். வண்டி ஓட்ட வேண்டியவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

புதுக்கிளாஸ்

தோல்சீவியில சீவி, எண்ணெய் மட்டும் பிழிஞ்சு, தோலை வெளிய போட்டேன். கம்பாரி 25லயே வெச்சேன், உப்பு போடலை. தொண்டையில பிடிச்ச கசப்பு போயிடுச்சு. இப்ப இருக்கிற கசப்பு வேற மாதிரி, பரவாயில்லை, இருக்கட்டும்.

வெர்மூத்வாசி

அப்போது உப்புப் பாட்டிலை அடுக்களைக்கே அனுப்பிவிடலாம்.

அரைஅவுன்ஸ்

40 சதவீத போர்பன் தீர்ந்ததும் ரை வாங்கி 45 : 30 : 30 போட்டுப் பாருங்கள், உப்பு பற்றி அப்புறம் பேசுவோம்.